மருத்துவர் வராத படம்: ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ குறித்துச் சில கருத்துகள்

ஒரு திரைப்படத்தைப் பாராட்டி எழுதி முடித்தபின், ‘எனினும் இஃது எல்லார்க்குமான படம் அன்று’ என்னும் தொடரை இறுதியில் சேர்ப்பது இன்றைய திரை விமரிசனத்தின் வழக்கமாகிவிட்டது. மனித மனத்தின் இருண்ட பகுதிகளைப் பொருளாகக் கொண்டு, வழக்கமான கதைசொல்லலிலிருந்து விலகி நிற்கும் படங்களுக்கு இத்தொடர் ஏறக்குறைய நிலையான அடைமொழியாகவே அமைகிறது. பார்வையாளரின் காலத்தையும் பணத்தையும் கருதிக் கூறப்படும் நல்லெண்ண எச்சரிக்கை போல இது தோன்றும். ஆயினும் இதனுள் இரண்டு முடிவுகள் ஆராயப்படாமலே ஒளிந்துள்ளன. ‘பொதுப் பார்வையாளர்’ என்றொரு திரள் உண்டு, அதன் அறிவின் எல்லை விமரிசகருக்குத் தெரியும் என்பது ஒன்று. படத்தின் கடினம் அதன் பொருளிலேயே உள்ளது என்பது மற்றொன்று. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ இவ்விரண்டு முடிவுகளையும் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற படமாகும்.

எஸ். ஹரீஷின் திரைக்கதையில், தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவில், மம்மூட்டி நடித்துத் தயாரித்த இப்படம் 2022 திசம்பரில் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. அவ்விழாவில் பார்வையாளர் வாக்களித்து வழங்கும் பரிசு இப்படத்திற்கே கிடைத்தது. 2023 சனவரி 19 அன்று திரையரங்குகளுக்கு வந்தது. 2022ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த படம், சிறந்த நடிகர் ஆகிய விருதுகளும் இதற்கு உரியவாயின. விழாப் பார்வையாளரும் திங்கட்கிழமைக் காலைக் காட்சிக்கு வருபவரும் ஒருவர் அல்லர் என்பது உண்மையே. எனினும், ‘எல்லார்க்குமானது அன்று’ எனப்பட்ட படம் பார்வையாளர் வாக்கினாலேயே பரிசு பெற்றது என்பது மனத்தில் இருத்தத்தக்கது.

கதை

ஜேம்ஸ் என்னும் மலையாளி தன் குடும்பத்தாரோடும் நாடகக் குழுவினரோடும் வேளாங்கண்ணிக்கு வழிபாட்டுப் பயணம் சென்று திரும்புகிறான். கையிறுக்கமும் சிடுசிடுப்பும் உடையவன். தமிழ்நாட்டு உணவும் அவனுக்குப் பிடிக்கவில்லை, பேருந்தில் ஒலிக்கும் தமிழ்ப் பாட்டும் பிடிக்கவில்லை. நண்பகல் உணவுக்குப்பின் பேருந்தில் அனைவரும் உறங்குகின்றனர். திடீரென விழித்த ஜேம்ஸ், சோளக்காட்டின் நடுவே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறான். பலகாலம் பழகியவன் போல ஓர் ஊருக்குள் நடக்கிறான். ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கொடியில் கிடந்த லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டு, மாட்டுக்குத் தீனி வைக்கிறான். அது சுந்தரம் என்பவனின் வீடு. ஈராண்டுகளுக்கு முன் காணாமற்போனவன் சுந்தரம். இப்போது ஜேம்ஸ் பேசுவது சுந்தரத்தின் தமிழ். அவன் அறிந்திருப்பவை சுந்தரம் அறிந்தவை. சுந்தரத்தின் மனைவி பூங்குழலி திகைத்து நிற்கிறாள். ஜேம்ஸின் மனைவி சாலி ஊராரின் முன் கூனிக் குறுகி நிற்கிறாள். கண்பார்வையற்ற தாய் மட்டும், மகன் இடையில் எங்கும் போகாதவன் போலவே அவனோடு பேசுகிறாள். அடுத்த நண்பகலில் ஓர் உறக்கம். விழித்தவன் மீண்டும் ஜேம்ஸ். பேருந்து புறப்படுகிறது. நடந்தது யாது என்பதை எவரும் எடுத்துரைக்கவில்லை.

எடுத்துரைக்காமல் விட்டதுதான் முறையீட்டுக்கு இடமாயிற்று. இது மனநோயா, ஆவியேற்றமா, முற்பிறப்பின் நினைவா, நாடகக்காரன் ஒருவனின் கனவா எனப் பார்வையாளர் கேட்கின்றனர். படம் விடையிறுக்கவில்லை.

மருத்துவர் வந்த படங்கள்

ஒருவரின் உடலில் வேறொருவர் புகுந்து, வேற்றுமொழி பேசும் கதை இந்திய வெகுமக்கள் திரைக்குப் புதியதன்று. ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரதாழ்’ (1993) மலையாளத்தின் பெருவெற்றிப் படங்களுள் ஒன்று. அதில் கங்கை என்னும் பெண் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி என்னும் நாட்டியப் பெண்ணாக மாறித் தமிழ் பேசுகிறாள். அக்கதையே பி. வாசுவின் இயக்கத்தில் தமிழில் ‘சந்திரமுகி’ (2005) ஆனபோது சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாள்களுக்கு மேல் ஓடியது. இவற்றை ‘எல்லார்க்குமான படங்கள் அல்ல’ என்று எவரும் கூறவில்லை. இவற்றின் கரு, மயக்கப் படத்தின் கருவைவிட எளியது என்று சொல்ல இயலாது. பிளவுண்ட ஆளுமை, அடக்கப்பட்ட குழந்தைப் பருவம், இரு நூற்றாண்டுகளின் குழப்பம் என அதுவும் சிக்கலானதே.

வேறுபாடு ஓரிடத்தில்தான் உள்ளது. அப்படங்களில் மருத்துவர் வருகிறார். மலையாளத்தில் சன்னியும் தமிழில் சரவணனும் வந்து, நோயின் பெயரைச் சொல்லி, அதன் வேரைக் கண்டுபிடித்து, மந்திரவாதியின் துணையோடு நோயைப் போக்கிவிடுகின்றனர். (மருத்துவரும் மந்திரவாதியும் அங்கே கைகோத்துக்கொள்வது தனியே ஆராயத்தக்கது.) பார்வையாளர் அச்சத்தோடு அமர்ந்திருந்து ஆறுதலோடு எழுகின்றனர். ஆகவே வெகுமக்கள் திரையில் உளவியல் என்பது பெரும்பாலும் ஒரு சாவியே. பூட்டு எவ்வளவு வியப்பானதாயினும் இறுதியில் சாவி கிடைத்துவிட வேண்டும்.

இதனோடு இணைத்துக் காணவேண்டிய மொழிச் செய்தி ஒன்றுண்டு. மலையாள மூலத்தில் நோயின் மொழி தமிழ். தமிழில் அக்கதை வந்தபோது நோயின் மொழி தெலுங்காயிற்று. ஒவ்வொரு மொழியும் தன் அண்டை மொழியைப் பித்தின் மொழியாக்கியிருக்கிறது. நாகவல்லி நீங்கும்போது தமிழ் நீங்குகிறது. சந்திரமுகி நீங்கும்போது தெலுங்கு நீங்குகிறது. வீடு தூய்மையடைகிறது. இம்மரபின் பின்னணியில் வைத்து நோக்கும்போதுதான் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ செய்திருப்பதன் அருமை புலப்படும். இங்கும் மலையாளி ஒருவன் தமிழ் பேசுகிறான். ஆனால் அவன் தமிழ் பேசும்போது பிதற்றுவதில்லை; மாட்டைக் கவனிக்கிறான், பால் ஊற்றச் செல்கிறான், தாயிடம் பேசுகிறான். இது தன்னுடைய ஊர் என்று ஊராரிடம் வாதாடுகிறான். அண்டை மொழி இங்கே பேயின் மொழியாக இல்லை. ஒரு நாள் முழுவதும் வீட்டின் மொழியாக வாழ்கிறது. தமிழ் உணவைக் கண்டு முகம் சுளித்த வாய் அதே தமிழ் மண்ணில் உரிமை கேட்கிறது. மருத்துவர் வந்திருந்தால் இவ்வுரிமைக் குரல் நோய்க்குறியாகச் சுருங்கியிருக்கும். மருத்துவரை வரவிடாதது இயக்குநரின் பிடிவாதம் எனச் சிலர் கருதலாம். படத்தின் பொருளே அதனால்தான் காக்கப்பட்டுள்ளது.

தமிழ் மரபும் மயக்கமும்

இனி, படத்தின் பொருள் பொதுமக்களுக்கு எட்டாதது என்னும் கருத்தை நோக்கலாம். படத்தின் தொடக்கத்தில் விடுதியொன்றில் எழுதப்பட்டுள்ள குறளுக்கு ஜேம்ஸ் பொருள் கேட்கிறான். நிலையாமை அதிகாரத்தில் இறப்பை உறக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் ஒப்பிடும் குறள் (339) அது. படத்தின் திறவுகோல் என ஒன்று உண்டெனில் அது பள்ளிப் பிள்ளையும் அறிந்த நூலிலிருந்தே எடுக்கப்பட்டுள்ளது. அதுவும் முதற்காட்சிகளிலேயே பார்வையாளர் கையில் கொடுக்கப்பட்டுவிடுகிறது.

தலைப்பும் அவ்வாறே. மலையாளப் படத்தின் தலைப்பாயினும் மூன்று சொற்களும் தமிழுக்கு உரியவை. நண்பகல் என்னும் சிறுபொழுதைத் தொல்காப்பியம் பாலைக்கு உரியதாக வகுக்கிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. கணவன் எங்குச் சென்றான் என்று அறியாத பூங்குழலியின் வீட்டுக்குள் வேறொருவன் நண்பகலில் நுழைகிறான்; நண்பகலிலேயே நீங்குகிறான். மயக்கம் என்னும் சொல்லும் மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. ஒன்றோடொன்று கலந்து நிற்றலைக் குறிக்கும் இலக்கணக் கலைச்சொல் அது. திணைமயக்கம், வேற்றுமைமயக்கம் என்னும் வரிசையில் ‘மெய்ம்மயக்கம்’ என்னும் சொல்லை இப்படத்திற்கு ஏற்றிப் பார்க்கும் இலக்கண ஆசிரியர் எவரும் புன்னகைக்காமல் இருக்க இயலாது. படைப்பாளர்கள் இவற்றையெல்லாம் கருதித் தலைப்பிட்டனர் என்று கூறுவதற்கில்லை. தமிழ் வாசகருக்கு இப்பொருள்கள் கிடைக்கின்றன என்பதே இங்கு வேண்டப்படுவது.

இவற்றினும் நெருங்கிய ஒப்புமை திருமூலர் வரலாறு. சேக்கிழார் கூறுமாறு, கயிலையிலிருந்து பொதிகை நோக்கிப் புறப்பட்ட சிவயோகியார், காவிரிக் கரையில் சாத்தனூர் இடையன் மூலன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சூழ்ந்து வருந்துவதைக் காண்கிறார். பசுக்களின் துயர் தீர்க்க மூலன் உடலில் புகுகிறார். மாலையில் பசுக்கள் ஊர் திரும்ப, அவரும் பின்செல்கிறார். மூலனின் மனைவி வந்து அழைக்கிறாள். ‘உனக்கும் எனக்கும் உறவில்லை’ என்று மறுத்துப் பொதுமடத்தில் சென்று அமர்கிறார். அவள் இரவெல்லாம் உறங்காது, மறுநாள் ஊர்ப் பெரியோரிடம் முறையிடுகிறாள். யோகியின் பெயர் சுந்தரநாதர் என்பது பிற்கால மரபு. மாடு, காத்திருக்கும் மனைவி, ஓர் இரவு, ஊரார் கூடி ஆராய்தல் என இரண்டு கதைகளும் ஒரே எலும்புக்கூட்டின் மேல் நிற்கின்றன. காணாமற்போனவனின் பெயர்கூடச் சுந்தரம்.

ஆனால் தலைகீழ் மாற்றம் ஒன்றுண்டு. சாத்தனூரில் வந்தது கணவனின் உடல்; உயிர் வேறு. உடலை நம்பி அழைத்த மனைவியை உயிர் மறுக்கிறது. படத்தில் வந்தது கணவனின் பேச்சும் நினைவும்; உடல் வேறு. அவன் உரிமையோடு வீட்டுக்குள் வர, மனைவிதான் செய்வதறியாது ஒதுங்கி நிற்கிறாள். ஒருவனை அவனாக ஆக்குவது உடலா, நினைவா என்னும் வினாவை மேலைத் தத்துவ வகுப்பறையில்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. ‘கூடுவிட்டுக் கூடு பாய்தல்’ என்னும் தொடரைப் பேச்சு வழக்கில் வைத்திருக்கும் சமூகம் அவ்வினாவை நீண்ட காலமாக அறியும்.

விளக்கத்தை ஐயுறும் பழக்கமும் தமிழுக்கு உண்டு. குறிஞ்சித் திணையின் வெறியாட்டுப் பாடல்களில் தலைவியின் மெலிவைக் கண்ட தாய், முருகு அணங்கியது எனக் கருதி வேலனை அழைக்கிறாள். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய வெறிப்பத்து முழுவதும் இச்சூழலே. காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும். நற்றிணை 34ஆம் பாடலில் தோழி முருகனையே முன்னிலைப்படுத்தி, இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்தும் வேலன் அழைப்புக்கு இசைந்து வெறிக்களத்துக்கு வந்தமையால் அவனை அறியாமை உடையவன் என்கிறாள். ஓர் உடலின் மேல் இரண்டு விளக்கங்கள் மோதுவதையும் அதிகாரம் உடைய விளக்கம் தவறாக இருப்பதையும் சங்கப் பாடல் மிக இயல்பாகக் கையாள்கிறது. இப்படத்தின் கடுமை, அதில் தோழி இல்லை என்பதே. உண்மை அறிந்தவர் எவரும் திரைக்குள் இல்லை. பார்வையாளரும் வேலனாகவே நின்றுவிட நேர்கிறது.

ஓர் எதிர்வாதம்

இவ்விடத்தில் எழும் எதிர்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மனநோயைப் பேய்பிடித்தலாகக் கருதும் வழக்கம் இன்னும் நீங்காத நாட்டில், மருத்துவ விளக்கத்தைத் தவிர்க்கும் படம் தீங்கு விளைவிக்காதா என்பது அவ்வாதம். 2001 ஆகத்து 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்ய வேண்டியிருந்தது. இவ்வரலாற்றை அறிந்தோர் திரையில் மருத்துவர் வரவேண்டும் என்று விரும்புவதில் நியாயம் உண்டு. ‘சந்திரமுகி’ போன்ற படங்கள், எத்துணை மிகைகளோடாயினும், ‘இது நோய், தீர்க்கத்தக்கது’ என்னும் செய்தியைக் கோடிக்கணக்கானோரிடம் சேர்த்தன என்பதையும் மறுத்தலாகாது.

எனினும் இப்படம் ஆவியேற்றத்தை முடிவாக நிறுவவில்லை. ஊரார், குடும்பத்தார், நாடகக் குழுவினர் ஆகியோரின் ஊகங்களுள் எதற்கும் இறுதி உரிமை தரவில்லை. அதைவிடக் குறிப்பிடத்தக்கது, தம்மவன் அல்லாத ஒருவன் தம்மவனாகப் பேசி நிற்கும்போது அவ்வூர் அவனை நடத்தும் முறை. சினமும் வாக்குவாதமும் உண்டு, சங்கிலி இல்லை. அவன் பித்தன் என்றோ தெய்வம் என்றோ உறுதி செய்துகொள்ளாமலே ஓர் இரவு அவ்வூர் அவனைப் பொறுத்துக்கொள்கிறது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் திருத்தம் ஆட்கொள்ளல் நிலையை ஒரு கோளாறாகப் பட்டியலிடுகையில், ஒரு சமூகத்தின் பண்பாட்டிலோ வழிபாட்டிலோ ஏற்கப்பட்ட நிலைகளை அதிலிருந்து விலக்குகிறது. எது நோய் என்று முடிவு செய்யுமுன் சுற்றி நிற்போரைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவமே கருதுகிறது. படத்தின் கேமரா செய்வதும் அதுவே; ஜேம்ஸின் மூளைக்குள் நுழைய முயலாமல் சுற்றி நிற்போரின் முகங்களைப் பார்க்கிறது.

கடினம் எங்கே உள்ளது

ஆயின் படம் கடினமானது அன்று எனச் சொல்லிவிட முடியுமா? முடியாது. கடினம் பொருளில் இல்லை, காலத்தில் உள்ளது. கேமரா பெரும்பாலும் அசையாது நிற்கிறது. கதவுச் சட்டத்தின் வழியே, திண்ணையின் ஓரத்திலிருந்து, தெருவின் மறுமுனையிலிருந்து நெடுநேரம் பார்க்கிறது. எங்கு நோக்க வேண்டும் என்று அண்மைக் காட்சியால் சுட்டிக்காட்டுவதில்லை. தனியாக அமைத்த பின்னணி இசை இல்லை. அதன் இடத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பழைய தமிழ்த் திரைப்பாடல்களும் உரையாடல்களும் இடையறாது ஒலிக்கின்றன. சில இடங்களில் அப்பாட்டு கதைக்குப் பொருந்துகிறது. சில இடங்களில் கேலி செய்கிறது. சில இடங்களில் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கிறது. எப்போது அழ வேண்டும் என்று இசையால் அறிவுறுத்தப்பட்டுப் பழகிய செவிக்கு இது தொல்லையாகவே இருக்கும்.

ஆனால் இத்தொல்லையையும் தமிழ்ப் பொதுமக்களுக்கு முற்றிலும் அயலானது எனல் பொருந்தாது. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தின் முன் அமர்ந்து, இடையில் உறங்கி, விழித்து, விட்ட இடத்திலிருந்து அல்லாமல் விழித்த இடத்திலிருந்து கதையைப் பிடித்துக்கொண்ட பார்வையாளர் மரபு இங்குண்டு. அவர்களை எவரும் ‘தேர்ந்த சுவைஞர்’ என்று அழைத்ததில்லை. இரண்டரை மணி நேரத்தில் அறுபது காட்சிகளை எதிர்பார்க்கும் பழக்கம் பொதுமக்களின் இயல்பு அன்று; அண்மைக்கால வணிகம் பழக்கியது. இதற்கு மாறாக, அதே 2022இல் வெளிவந்த ‘குதிரைவால்’ தமிழ்ப் படத்தை எண்ணிப் பார்க்கலாம். ஒரு காலையில் குதிரைவாலோடு விழிக்கும் வங்கி ஊழியனின் கதை அது. துணிவான முயற்சி, காட்சிகளின் வண்ணமும் கனவும் மனத்தில் நிற்பவை. ஆயினும் அதன் கடினம் வேறு வகையினது. கனவுக் கோட்பாட்டையும் குறியீடுகளையும் முன்பே கற்று வந்தவரிடமே அது மனந்திறக்கிறது. இப்படம் எதையும் கற்று வரச் சொல்லவில்லை; பொறுத்திருக்க மட்டுமே சொல்கிறது. விமரிசனம் இவ்விரண்டு கடினங்களையும் ‘சோதனைப் படம்’ என்னும் ஒரே சொல்லால் மூடிவிடுவது இரண்டுக்குமே நீதி அன்று.

படத்தின் குறைகளும் சொல்லப்பட வேண்டியவை. சோளக்காடும் வெயிலும் பழைய பாட்டும் சேர்ந்த தமிழ்ச் சிற்றூர், வழியில் இறங்கிய விருந்தினரின் கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஊராகவே சில வேளைகளில் நின்றுவிடுகிறது. அவ்வூரில் யார் யாருடைய நிலத்தில் உழைக்கின்றனர், யார் எத்தெருவில் வாழ்கின்றனர் என்பவற்றில் படத்துக்கு ஆர்வம் இல்லை. சாதியை அறியாத தமிழ் ஊர் ஒன்று திரையில் மட்டுமே இருக்கக்கூடும்.

இதனினும் பெரிய குறை பூங்குழலியைப் பற்றியது. ஈராண்டுக் காத்திருப்புக்குப் பின் கணவனின் குரல் வேற்று முகத்தோடு வீட்டுக்குள் வரும்போது, முடிவெடுக்க வேண்டியவள் அவளே. சாத்தனூர்க் கதையிலாவது மூலனின் மனைவி ஊர்ப் பெரியோரிடம் சென்று தன் வழக்கை எடுத்துரைக்கிறாள். அவர்கள் யோகியின் நிலையைக் கண்டு, இவர் உன்னால் அணுகத்தக்கவர் அல்லர் என்று கூறி, வருந்தும் அவளை அழைத்துச் செல்கின்றனர். அவள் வழக்கு தோற்கிறது, ஆயினும் காப்பியத்தில் பதிவாகிறது. பூங்குழலிக்கு வழக்குரைக்கும் இடமே அமைக்கப்படவில்லை. ரம்யா பாண்டியனின் முகம் பலவற்றைச் சொல்கிறது. திரைக்கதை அவளிடம் ஒன்றையும் கேட்கவில்லை. ஜேம்ஸ் ஊரார் முன் நீண்ட நேரம் பேசி அழுகிறான். சாலிக்குக் கிடைப்பது கண்ணீர். பூங்குழலிக்குக் கிடைப்பது கதவோரம். மருத்துவரை வெளியே நிறுத்தியதால் கிடைத்த அமைதியில் எல்லாரும் பேசுவதற்கு இடமிருந்தது. பேருந்து புறப்பட்டுச் சென்றபின் அவ்வீட்டில் இரண்டாம் முறையாகக் கணவனை இழந்தவள் மாட்டுக்குத் தீனி வைக்க எழுந்திருக்க வேண்டும். படம் பேருந்தோடு போய்விடுகிறது.